வண்டி வீடு வந்து சேர்ந்தது

— திரும்பவும் அதே கதையா, லேப்காரரே?

— அதேதான் மெக்கானிக். சரியா சொல்லணும்னா, போன புதன்கிழமை ஆறு மணிக்கு ஸ்டார்ட் ஆகல. இன்னைக்கு அஞ்சே முக்காலுக்கே ஆகல.

— கால் மணி நேரம் முன்னேற்றம்னு சொல்லுங்க.

— சிரிக்காதீங்க. அஞ்சு வீடு. நான் போய் ரத்தம் எடுக்கணும்னு அஞ்சு வீட்லயும் வெறும் வயித்தோட உக்காந்திருந்தாங்க. ஒரு ஆளைப் பிடிச்சு வண்டியைக் கிளப்பறதுக்குள்ள ஒன்பதாயிடுச்சு. அதுல ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை. என்னைப் பாத்ததும் கையை நீட்டலை, வாயைத்தான் திறந்தாங்க.

— நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?

— ஊசியைக் கையில வச்சுக்கிட்டு முழுசும் கேட்டேன். என்ன பண்றது, பசி. இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் போட்டுடுவேன்னு லேப் மேனேஜரும் சொல்லிட்டார்.

— சரி, சீட்டைத் தூக்கறேன். பின்னாடி இருக்கற டப்பாவை எடுங்க.

— டப்பா இல்ல. சாம்பிள் பெட்டி. காலிதான், ஆனா கீழ வைக்க மாட்டேன்.

— யாரு வைக்கச் சொன்னா? மடியில வச்சுக்கங்க, குழந்தை மாதிரி. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. அதுல இல்ல, அது ஆடும்.

— பேட்டரி போச்சா?

— பேட்டரி போகல. போன மாசம் நானே மாட்டினது, இன்னும் பளபளன்னு இருக்கு. ஓடறப்ப சார்ஜ் ஏறுது. வண்டி நின்னதுக்கப்புறம்தான் யாரோ உள்ள உக்காந்து உறிஞ்சறாங்க. இருங்க, ஆளைப் பிடிச்சிடலாம். ம்… இதோ. இவரா?

— அந்தக் கருப்புப் பெட்டியா? அது டிராக்கர்.

— அது எனக்குத் தெரியாதா? இந்த மாடல்ல எல்லா வண்டியிலயும் கம்பெனியிலேயே மாட்டி அனுப்பறாங்க. வண்டி எங்க நிக்குதுன்னு போன்ல காட்டும். நீங்க வண்டியை எங்க நிறுத்தறீங்க?

— கீழ்த்தளத்துல. மூணு மாசம் முன்னாடிதான் வீடு மாறினேன். ஒத்தை ரூம். வண்டிக்குக் கீழ இடம் கொடுத்தாங்க, ஒரு தூணுக்குப் பின்னாடி. யாரு கண்ணுலயும் படாது.

— அங்க நின்னு போன் பேச முடியுமா?

— முடியாது. சிக்னலே இருக்காது.

— முடிஞ்சது கதை. சிக்னல் கிடைக்காம இது ராத்திரி பூரா தேடுது. அஞ்சாறு ராத்திரி இப்படிப் போனா பேட்டரியைக் குடிச்சு முடிச்சிடுது. திருடனுக்குப் பயந்து வண்டியை ஒளிச்சு வைக்கறீங்க, ஒளிச்சு வச்சதால திருடனைப் பிடிக்கற பெட்டியே உங்க பொழப்பைத் திருடுது.

— இதுக்கு என்ன வழி?

— ரெண்டு வழி. வண்டியை வெளிய நிறுத்துங்க. இல்லன்னா இதைக் கழட்டிப் போடுங்க.

— வெளியன்னா தெருவுலதான். மழையில நனையும். குப்பை லாரி திரும்பறப்ப உரசும்.

— அப்பக் கழட்டிடுவோம். ரெண்டு நிமிஷ வேலை.

— வேணாம்.

— ஏன்? வாரண்டி போயிடும்னா? உங்க வாரண்டி போன வருஷமே போயாச்சு.

— அதில்ல. வேணாம்னா வேணாம், விடுங்க.

— விடறேன். ஆனா அடுத்த வாரம் திரும்பவும் தள்ளிக்கிட்டு வருவீங்க. ஆமா, இந்த டிராக்கர் சர்வீஸைக் கம்பெனி மூணு வருஷம்தான சும்மா குடுக்கும்? முடிஞ்சிருக்கணுமே.

— இந்த மாசத்தோட முடியுது. நேத்து போன்ல கேட்டுச்சு. ‘தொடரவா’ன்னு ஒரு பட்டன், ‘நிறுத்தவா’ன்னு ஒரு பட்டன். ரெண்டையும் அமுக்கலை. அப்படியே கவுத்து வச்சுட்டுப் படுத்துட்டேன்.

— நல்ல ஆளு. போனை இப்படிக் குடுங்க, இது எத்தனை தடவை முழிச்சிருக்குன்னு பாக்கறேன். காலைல ஆறு, சாயங்காலம் ஆறே முக்கால். ஆறு, ஆறே முக்கால். கடிகாரம் கெட்டுது போங்க. இது என்ன, ஞாயித்துக்கிழமை? சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி ரெண்டு கிலோமீட்டர் போய், எங்கேயும் நிக்காம திரும்பி வந்திருக்கீங்க. கடை மூடியிருந்துச்சா?

— இல்ல. சும்மா.

— அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையும் அதே ரெண்டு கிலோமீட்டர். அதுக்கு முந்தினதும். யாராவது பொண்ணு வீட்டு வாசலா?

— ஐயையோ, இல்லைங்க. லீவு அன்னைக்கு வண்டி நகராது. நகரலைன்னா மெசேஜ் போகாது. அதான் ஒரு சுத்து.

— யாருக்குப் போகாது?

— கீழ பாருங்க. ரெண்டாவது நம்பர்.

— ‘அக்கா’ன்னு இருக்கு.

— அவளுக்குத்தான். வண்டி வாங்கினப்ப கடையில ஃபாரம் நீட்டினாங்க, ரெண்டாவது நம்பர் யாருதுன்னு. நான் யோசிக்கறதுக்குள்ள பேனாவைப் பிடுங்கி அவளே எழுதிட்டா. காலைல எடுத்ததும் ‘வண்டி புறப்பட்டது’. சாயங்காலம் எங்க தெருமுனைக்கு வந்ததும் ‘வண்டி வீடு வந்து சேர்ந்தது’. எனக்கு வர்ற மாதிரியே அவளுக்கும் போகும்.

— பாசக்கார அக்கா.

— பாசமா? உயிரை எடுப்பா. ‘பாலத்துக்கிட்ட இருபது நிமிஷம் யாரோட நின்ன?’ன்னு கேப்பா.

— யாரோட நின்னீங்க?

— பஞ்சர் கடைக்காரரோட.

— அதைச் சொல்ல வேண்டியதுதான.

— சொன்னா, ‘அவர்கிட்ட குடு’ம்பா.

— சிரிக்க வைக்காதீங்க, கையில ஸ்க்ரூ இருக்கு. ஒரு பிளக்கை எடுத்துட்டு மீட்டர் வச்சுப் பாக்கறேன், இதுதான் குடிக்குதான்னு உறுதியாயிடும். சரியா?

— ம். ஒரு நாள், ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுத்துக்கிட்டு இருந்தேன். பொடிசு, நரம்பே கிடைக்கல, அது கத்துது, அவங்க அப்பா என் தோளைப் பிடிச்சு அழுத்தறார். பையில போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. மூணு தடவை. வெளிய வந்து கூப்பிட்டேன். ‘ஏன் அந்தத் தெருவுலயே முக்கால் மணி நேரமா நிக்கற’ன்னா. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியல. ‘உனக்கு வேற வேலையே இல்லையா? நான் எங்க நின்னா உனக்கென்ன? இன்னைக்கே அந்தப் பெட்டியைக் கழட்டிக் குப்பையில போடறேன்’னு நடுத்தெருவுல நின்னு கத்திட்டேன்.

— அவங்க?

— ‘சரி’ன்னா.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். திருப்பிக் கத்தியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ‘சரி’ன்னு சொல்லி வச்சுட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு. சரியா சொல்லணும்னா, ரெண்டு வருஷம் ஒரு மாசம்.

— அதுக்கப்புறம் பேசவே இல்லையா?

— நான் கூப்பிடல. அவளும் கூப்பிடல. நடுவுல மாமாவுக்கு வேலை மாத்தலாகி எங்கேயோ தூரத்துக்குப் போயிட்டாங்க. அதுவே எங்க சித்தப்பா மகன் சொல்லித்தான் தெரியும். ஆனா நான் கழட்டல பாருங்க. கழட்டறேன்னு கத்தினவன் இன்னும் கழட்டலைன்னு அவளுக்குத் தினமும் ரெண்டு தடவை தெரியுதுல்ல?

— இதுக்குப் பேரு மன்னிப்பு கேக்கறதா?

— தெரியல. ஆமான்னுதான் நினைக்கறேன்.

— அவங்க அதைப் படிக்கறாங்கன்னு என்ன நிச்சயம்?

— வேணாம்னா நிறுத்திக்கலாம். அந்த மெசேஜுக்குக் கீழயே ‘நிறுத்து’ன்னு இருக்கும். அமுக்கினா எனக்குத் தகவல் வந்துடும். ரெண்டு வருஷமா வரல. தினமும் ரூமுக்குப் போய் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி அதைத்தான் பாப்பேன். இன்னைக்கும் நிறுத்தல. சரி, ஆளு இருக்கா. அப்புறம்தான் லைட் போடுவேன்.

— ஒரு போன் போட்டா முடியற வேலைக்கு மூணு பேட்டரி மாத்தின ஆளு நீங்கதான்.

— போன் போட்டு என்ன பேசறது? எனக்குப் பேச வராது மெக்கானிக். தினமும் இருபது வீட்டுக்குள்ள போறேன். கட்டில் வரைக்கும் போறேன். பேரு கேப்பேன், வயசு கேப்பேன், சாப்பிட்டீங்களான்னு கேப்பேன். இல்லைன்னு சொன்னாத்தான் எனக்குச் சந்தோஷம். உலகத்துல யாராவது அப்படி இருப்பாங்களா? கையில பஞ்சை வச்சு அழுத்திக்கங்கன்னு சொல்லிட்டு அடுத்த வீடு. என்னை ஒருத்தரும் திருப்பிக் கேக்கறதில்ல. கேக்கணும்னும் இல்ல, அவங்க பசி அவங்களுக்கு.

— இந்தாங்க, உங்க போன் கத்துது.

— என்ன மெசேஜ் இது? ‘டிராக்கர் துண்டிக்கப்பட்டது. உடனே உரிமையாளரைத் தொடர்பு கொள்ளவும்.’ என் நம்பரும் போட்டிருக்கு. மெக்கானிக், கழட்டிட்டீங்களா?

— மீட்டர் பாக்க எடுக்கறேன்னு கேட்டேனே. நீங்கதான் ‘ம்’னீங்க.

— நான் கதை சொல்லிக்கிட்டு இருந்தேன். இது அவளுக்கும் போயிருக்குமே.

— போயிருக்கும். திருடன் கழட்டினா தெரியணும்னுதான ரெண்டு நம்பர் வாங்கறாங்க.

— போச்சு. சொன்னபடியே கழட்டிட்டான்னு நினைப்பா. மாட்டுங்க, சீக்கிரம் மாட்டுங்க.

— மாட்டினா மட்டும் போன மெசேஜ் திரும்பி வந்துடுமா? கொஞ்சம் இருங்க, மீட்டர்ல முள்ளு இறங்குது. நான் சொன்னேன்ல, இதுதான் குடிக்குது.

— மெக்கானிக்.

— என்ன?

— போன் அடிக்குது. அக்கான்னு வருது.

— அப்புறம் என்ன, எடுங்க.

— என்ன சொல்றது?

— வண்டி மெக்கானிக் கடையில இருக்குன்னு சொல்லுங்க. உண்மைதான.

— கையில சாம்பிள் பெட்டி இருக்கு.

— காலிதான அது? அந்தப் பெட்டியை விடுங்க, நான் பிடிச்சுக்கறேன். ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். பேசுங்க.

— அக்கா… நான் கழட்டலைக்கா. பேட்டரி பிரச்சினை, மெக்கானிக் சோதனைக்கு எடுத்தாங்க. நான் கழட்டுவேனா? அன்னைக்குக் குழந்தை கத்திக்கிட்டு இருந்துச்சுக்கா, அந்தக் கோவத்துல சொன்னது. நீ எங்க இருக்க, எப்படி இருக்க, ஒண்ணும் எனக்குத் தெரியாது. ஆனா தினமும் ரூமுக்கு வந்ததும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் உள்ள போறேன். பேசுக்கா. திட்டவாவது திட்டு.

— ஐயா, மன்னிச்சுக்கங்க. நான் உங்க அக்கா இல்லைங்க.

— யாரு பேசறீங்க? மாமாவா?

— இல்லைங்க. நான் ஒரு கிடங்குல காவலுக்கு இருக்கேன். வேலைக்குச் சேர்ந்தப்ப இந்தப் போனும் நம்பரும் கொடுத்தாங்க. ஒரு வருஷம் மூணு மாசம் ஆச்சு. முன்னாடி யாரோ வச்சிருந்து விட்டுட்ட நம்பர் போல.

— அப்ப அந்த மெசேஜ் எல்லாம்…

— எனக்குத்தாங்க வருது. முதல் நாள் வந்தப்ப யாருதுன்னு புரியல. நிறுத்தறதுக்கு ஒரு பட்டன் இருந்துச்சு. அமுக்கப் போனேன். அப்புறம் யாரோ வீடு வந்து சேர்ந்திருக்காங்க, இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன். இன்னைக்கு வேற மாதிரி வந்துச்சு, நம்பரோட. வண்டி விழுந்துடுச்சோ என்னவோன்னு பயந்துதான் கூப்பிட்டேன். நல்லா இருக்கீங்கல்ல?

— இருக்கேங்க.

— அப்பச் சரி. தொந்தரவு பண்ணிட்டேன். வைக்கட்டுங்களா?

— வைங்க… மெக்கானிக், அந்தப் பிளக்கை மாட்ட வேணாம். கழட்டியே குடுத்துடுங்க. ஒன்னேகால் வருஷமா ஒரு கிடங்கு வாசலுக்கு வீடு வந்து சேர்ந்திருக்கேன்.

— லேப்காரரே, லைன் இன்னும் இருக்கு. அவர் கேட்டுக்கிட்டு இருக்கார்.

— ஐயா, உங்க வண்டி, உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் சொல்லிட்டு வச்சுடறேன். போன புதன்கிழமை காலைல மெசேஜ் நேரத்துக்கு வரல. ஒன்பதுக்கு மேலதான் வந்துச்சு. இன்னைக்கும் அப்படித்தான். உடம்புக்கு முடியலையோன்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமைன்னா சீக்கிரமே வந்துடுவீங்க. இங்க நான் ஒத்தை ஆளு. இந்தப் போனுக்கு வேற எதுவும் வர்றதில்ல. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு நீங்க வந்தாச்சுன்னு பாத்துட்டுத்தான் நான் டிபன் டப்பாவைத் திறப்பேன். பழக்கமாயிடுச்சு. அவ்வளவுதாங்க.

— லேப்காரரே. பிளக் என் கையில இருக்கு. மாட்டட்டுமா, குப்பையில போடட்டுமா?

— …மாட்டுங்க.

— பேட்டரி?

— வண்டியை இனிமே தெருவுலயே நிறுத்திக்கறேன். நனைஞ்சா நனையட்டும். ஐயா, லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேங்க.

— எங்க சித்தப்பா மகன் ஊருக்கு அந்தக் கடைசியில இருக்கான். இன்னைக்கு வேலை முடிஞ்சதும் அவனைப் போய்ப் பாத்து, அக்காவோட புது நம்பரை வாங்கணும். அதனால நான் வீடு வர எட்டாகும். சரியா சொல்லணும்னா, எட்டுகூடத் தாண்டிடும். எனக்காகக் காத்திருக்காதீங்க. நீங்க சாப்பிட்டுடுங்க.