பூஜ்யத் தண்ணீர்

– கதவைச் சாத்துண்ணா. வெளிச்சம் வந்தா சாயம் ஒளிர்றது தெரியாது.

– இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். மூணு தடவை ‘ஈயம் இல்லை’ன்னு எழுதிக் குடுத்தவ, நாலாவது தடவை என்னத்தக் கிழிக்கப் போற?

– நானும் குட்டிக்கு அத்தைதாண்ணா.

– அத்தை! வாய் நிறைய ‘அத்தே’ன்னு கூப்பிட்ட பொண்ணு இப்போ பேச்சே மறந்துட்டா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கிடக்கறா. டாக்டரம்மா ஈயமா இருக்குமோன்னாங்க. உன் ரிப்போர்ட்டைக் காட்டினேன். ‘அப்போ வேற என்னமோ’ன்னுட்டாங்க. கழிவைத் திறந்து விடற அந்த பெயின்ட் கம்பெனிக்காரன் உன் ரிப்போர்ட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கான்டி!

– கத்தாத. இது குட்டியோட ரத்தம். சாயம் ஒரு சொட்டு விடறேன். ஈயம் எதுல இருந்தாலும் பச்சையா ஒளிரும். குனிஞ்சு லென்ஸ்ல பாரு.

– அடக் கடவுளே... மின்மினி மொய்ச்ச மாதிரி இருக்கே!

– ம்.

– நான் சொன்னேன்ல? கம்பெனிக் கழிவுதான்! எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி எங்க?

– இதோ. அதே சாயம்தான்.

– இருட்டா இருக்கு. ஒண்ணும் தெரியலையே.

– தெரியாது. குழாய்த் தண்ணி சுத்தம்.

– விளையாடறியா? அப்போ ரத்தத்துல போன தடவை ஏன் இல்லைன்ன?

– முதல்ல சுத்தமான தண்ணி ஒண்ணை அளந்து, அதைப் பூஜ்யம்னு வச்சுக்குவோம். மத்த எல்லாத்துல இருந்தும் அந்த அளவைக் கழிப்போம். அந்தத் தண்ணியிலேயே ஈயம் இருந்தா?

– ரத்தத்துல இருக்கறதும் கழிஞ்சு போயிடும்.

– போயிடுச்சு. நேத்து அந்தத் தண்ணி தீரப் போற நேரம், ஊசி மருந்து கலக்கற சீல் தண்ணி வாங்கி, அதைப் பூஜ்யமா வச்சுப் பார்த்தேன். அப்பத்தான் பிடிபட்டுச்சு. பழைய தண்ணி, கேன்ல மிச்சம் இவ்வளவுதான், பாரு.

– ரத்தத்தைவிட இது பளீர்னு இருக்கே! எந்தப் படுபாவி குடுத்த கேன்?

– எங்க லேப்ல தண்ணி வடிக்கற மெஷின் ரிப்பேர்னு சொன்னப்போ, ‘பேட்டரிக்கு ஊத்தறதுக்குக் கடையில வடிச்ச தண்ணி வச்சிருக்கேன், எடுத்துக்கோ’ன்னு யாரு கொண்டு வந்து வச்சது?

– என் தண்ணியா? ஆவியில வடிக்கறேன், அதுல எப்படி ஈயம் வரும்?

– வடிச்சு எங்க பிடிக்கற? பழைய பேட்டரி உடைச்சுத் தகடு உரிக்கற இடத்துல, மூடி இல்லாத டிரம்முல. யார் குடுத்தாலும் சோதிச்சுட்டுத்தான் வச்சிருக்கணும். அண்ணன் தண்ணிதானேன்னு விட்டுட்டேன்.

– அந்த டிரம்மையா சொல்ற?

– ஆமாண்ணா. இனிமே கடையிலேயே குளிச்சிட்டு, துணி மாத்திக்கிட்டு வீட்டுக்குப் போ. உன் சட்டைத் தூசுதான் குட்டிக்குப் போயிருக்கும்.

– சட்டை இல்லம்மா. கம்பெனிக் கழிவுக்குப் பயந்து, குழாய்த் தண்ணியை அவ உதட்டுல படவே விடல. எட்டு மாசமா அவ குடிக்கறது அந்த டிரம் தண்ணிதான்.