கேக் மாஸ்டர்மேல் தப்பில்லை

எனக்குக் கடற்காற்றெல்லாம் தேவையில்லை தம்பி, கதவைச் சாத்திய அறையில் உட்காரவைத்தாலும் பசிக்கும். அதனால் சாப்பாட்டு நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

நாளைக்குத் துறைமுகம் வந்ததும் கேக் மாஸ்டரைப் பெட்டியோடு இறக்கிவிடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இந்தக் கப்பலில் சாப்பாட்டு மேனேஜர் நீங்கள் என்பதால் உங்களைத் தேடி வந்தேன். அவர் செய்கிற கேக்கை யாரும் தொடுவதில்லை, தட்டுத் தட்டாகத் திரும்பி வருகிறது, மனிதருக்குக் கைப்பக்குவம் போய்விட்டது என்பது உங்கள் கட்சி. திரும்பி வருவது உண்மை. கைப்பக்குவம் போனது பொய். அவர் கையில் தப்பில்லை. தப்பு என்று ஒன்று இருந்தால், இருப்பதாக நான் நினைக்கவில்லை, அது என் கையில் இருக்கிறது.

நான் வேலை பார்த்தது ஒரு பெரிய ரெடிமேட் துணிக்கடையின் ஆல்ட்டரேஷன் பிரிவில். மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், தலைக்குமேல் எந்நேரமும் யாராவது ஏறி இறங்கும் சத்தம். அங்கே நான் பிடித்த இடுப்புகளையும் வெட்டிய கால்களையும் ஒன்றாகத் தைத்தால் இந்தக் கடலுக்கே ஒரு உறை போடலாம். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். துணி இறுகினால் யாரும் துணியைக் குற்றம் சொல்வதில்லை. "நான்தான் வெயிட் போட்டுட்டேன் போல" என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். நூல் இப்படிச் செய்யும் என்று ஒரு மனிதருக்காவது தோன்றி நான் பார்த்ததில்லை. இந்த அறிவை நான் பணியிலிருந்த காலம்வரை தவறாகப் பயன்படுத்தியதே இல்லை. ஓய்வு பெற்றபிறகுதான் நேரம் கிடைத்தது.

கப்பலுக்கு வந்தது நான், என் வீட்டுக்காரர், என் நாத்தனார். நாத்தனாரின் கணவர் கடல் ஒத்துக்காது என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்டார். அவர் கெட்டிக்காரர். அவளுடைய பெட்டிகளை ஏற்றியபோது கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். எங்கள் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவில் ஒரு கதவு. அவள் கேட்டு வாங்கிய கதவு அது. அண்ணன் பக்கத்திலேயே இருக்கவேண்டுமாம்.

உங்கள் சாப்பாட்டுக்கூடத்து விதி உங்களுக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் ஆண்களுக்குக் கோட்டு, பெண்களுக்கு நீள உடை, காலில் முறையான செருப்பு. இல்லாதவர்களுக்கு மேல்தளத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் இடம். நல்ல விதி. துணி சம்பந்தப்பட்ட எந்த விதியையும் நான் மதிக்கிறவள்.

முதல் நாள் சாயங்காலம் நான் கருநீலத்தில் நீள உடை போட்டிருந்தேன். என் கையாலேயே தைத்தது. கால் வீங்கியிருந்ததால் கீழே மட்டும் கான்வாஸ் ஷூ. உடை தரையைக் கூட்டிக்கொண்டு வந்ததால் ஷூ வெளியே தெரியவில்லை. வாசலில் நின்ற பெரியவர் எனக்குக் குனிந்து வணக்கமே சொல்லிவிட்டார். அப்போதுதான் என் பின்னாலிருந்து பாகாக ஒரு குரல் வந்தது.

"சார், இவங்க கால்ல என்ன போட்டிருக்காங்கன்னு ஒரு தடவை பார்த்துடுங்க. ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

பெரியவர் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற வரிசையும் பார்த்தது. அந்த வரிசை துறைமுகம்வரை நீண்டிருந்ததாக ஞாபகம்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. உள்ள போய் உட்கார்ந்தப்புறம் யாராவது சொன்னா உங்களுக்குத்தானே அசிங்கம்."

என் வீட்டுக்காரர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "நீ மேல போய் ஏதாவது சாப்பிடும்மா. நான் பேருக்கு உட்கார்ந்துட்டு வந்துடறேன்" என்றார்.

மேல்தளத்தில் நீச்சல்குளத்திலிருந்து நேராக எழுந்து வந்த ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் என் சூப் குறையவே இல்லை. பேருக்கு உட்காரப்போனவர் எப்போதோ திரும்பி வந்தார். "கடைசியா ஒரு சாக்லேட் கேக் வந்துது பாரு. நீ இருந்திருக்கணும்" என்று சொல்லி, படுத்ததும் குறட்டை விட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஊசி எங்கே வைத்தேன் என்று மட்டும் யோசித்தேன்.

மறுநாள் கப்பல் கடையிலேயே ஒரு கறுப்புச் செருப்பு வாங்கினேன். கால் அழும், விதி சிரிக்கும். அன்று மத்தியானம் நாத்தனார் மேல்தளத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனதும் நடுக்கதவைத் திறந்தேன். அவளுடைய சாயங்கால உடையைத் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கத் தையலிலும் நூலளவு உள்ளே பிடித்தேன். நூலளவுதான். அடுத்த நாள் இன்னொரு நூலளவு. விலை உயர்ந்த துணி, உள்ளே தாராளமாக இடம் விட்டிருந்தார்கள், தைக்கக் கை வழுக்கிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்றாள்.

"அண்ணி, நான் கொஞ்சம் பூசினாப்புல ஆயிட்டேனா?"

"சேச்சே" என்றேன். நான் சொன்ன விதத்தில் சொன்னால் அந்தச் 'சேச்சே'யை யாரும் நம்பமாட்டார்கள்.

அன்றிலிருந்து அவள் ரொட்டியை விட்டாள். பிறகு சூப்பை விட்டாள். கேக் வந்ததும் தட்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்க சாப்பிடுங்க அண்ணி. உங்களுக்கு இனிமே என்ன" என்றாள். நான் சாப்பிட்டேன். தம்பி, அந்தக் கேக்கை வாயில் வைத்தால் இறந்துபோன உறவினர்கள்மேல்கூட அன்பு வரும். அவள் மேலே உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடும் பட்டையில் மூச்சிரைக்க ஓடுவாள். அதே நேரம் கீழே நான் தைப்பேன். யார் முந்துகிறோம் என்று பார்த்துக்கொண்டோம். அவளுக்குப் போட்டி நடப்பது தெரியாது, அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் உங்களுக்குத் தெரியவே வந்திருக்காது. ஆனால் வேலை தெரிந்தவள் எதையும் அரைகுறையாக விடமாட்டாள். ஒருத்திக்கு மட்டும் இறுகினால் என்றைக்காவது துணிமேல் சந்தேகம் வரும். கப்பலே இறுகிவிட்டால் சாப்பாட்டின்மேல்தான் வரும். அதனால் முதலில் என் வீட்டுக்காரரின் கோட்டைப் பிடித்தேன். அதில் கொஞ்சம் சொந்த விஷயமும் கலந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவருக்கு நூலளவு போதவில்லை.

பிறகு எங்கள் தளத்துப் பொது இஸ்திரி அறையில் போய் உட்கார்ந்தேன். சாயங்கால உடையை எல்லோரும் அங்கேதான் தேய்க்க வருவார்கள். "வெச்சுட்டுப் போங்க, நான் தேய்ச்சு வைக்கிறேன், எனக்குப் பொழுது போகணும்" என்றால் போதும். இரண்டே நாளில் நான் எல்லோருக்கும் ஆன்ட்டி. ஆன்ட்டி ஒரு பொத்தான், ஆன்ட்டி ஒரு கொக்கி, ஆன்ட்டி உங்களைமாதிரி ஒருத்தர் எங்க வீட்டுல இல்லையே. கப்பல் சிப்பந்திகள்கூடக் கோட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள். துணி மலைபோல் குவிந்தது. பின்னால் நின்றால் நான் தெரியமாட்டேன். தேய்த்தேன், மடித்தேன், பிடித்தேன்.

வாசலில் என் காலைக் குனிந்து பார்த்த பெரியவருடைய கோட்டை நான் தொடவில்லை. அவர் கடமையைத்தான் செய்தார். கைப்பக்கம் மட்டும் கொஞ்சம் குறைத்தேன், இனிமேல் குனியும்போது நினைத்துக் குனியட்டும் என்று.

அப்புறம் உங்கள் சாப்பாட்டுக்கூடத்தைப் பார்க்க வேண்டுமே. புதுசாகக் கல்யாணமான பையன், பெண்டாட்டி ஊட்டிவிட்டதைத் தள்ளிவிட, அவள் அழுதுகொண்டு எழுந்து போனாள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இழுத்த மூச்சை விடாமலே மூன்று வகை சாப்பாட்டைத் தாண்டினார். ட்ரம்பெட் வாசிக்கிறவர் உச்சத்தில் ஒரு ஊது ஊதியதும் அவருடைய நடுப்பொத்தான் தெறித்து, விளக்கைச் சுற்றிக்கொண்டு, நாத்தனாரின் வெறும் தட்டில் வந்து விழுந்தது. மூன்று நாளில் அவள் தட்டில் விழுந்த முதல் பதார்த்தம் அதுதான். எல்லோரும் முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டி, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். உடை ஒழுங்கு என்றால் அதுதான் உடை ஒழுங்கு. ஒரு விதத்தில் உங்கள் விதிக்கு நான் உதவிதான் செய்தேன்.

கேக் மாஸ்டரை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதை மட்டும் குறையாக ஒப்புக்கொள்கிறேன்.

அவர் ஒருநாள் தாமே தட்டை ஏந்திக்கொண்டு மேஜை மேஜையாக வந்தார். "என்ன குறைன்னு சொல்லிட்டாப் போதும்மா. சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டேனா?" என்று நாத்தனாரிடம் கேட்டார். "வாசனையே போதும்" என்று அவள் மூக்கைத் திருப்பிக்கொண்டாள். முந்தாநாள் அவரைப் பின்தளத்தில் பார்த்தேன். உயிர்காக்கும் படகுக்குக் கீழே உட்கார்ந்து, முழுக் கேக்கைப் பிய்த்துக் கடற்பறவைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவை தின்ற தீனிக்குப் பறக்கமுடியாமல் கப்பலோடு நீந்தி வந்தன.

"இதுங்களுக்காவது பிடிக்குதே" என்றார். "ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க ஆன்ட்டி. அடுத்த துறைமுகத்துல வேற ஆள் ஏறுறாராம். என்னை இறங்கச் சொல்லிட்டாங்க. இந்த வயசுல இனிமே எந்தக் கப்பல்ல சேர்த்துப்பாங்க?"

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றேன்.

"வந்தவங்க சாப்பிடலைன்னாக்கூடப் பரவாயில்ல. எங்க மேனேஜரே நாலு நாளா தொடலை. அவரு என் கேக்குக்காகவே ராத்திரி ரவுண்ட்ஸ் வருவாரு."

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால், தம்பி, செருப்பு விஷயமாக நான் உங்களிடம் முறையிட வந்தபோது உங்கள் கோட்டில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் மரியாதையான பிள்ளை. கழற்றிக் கொடுத்தீர்கள். இரண்டே மணி நேரத்தில் நான் திருப்பித் தந்தேன்.

எழுந்திருக்காதீர்கள். மூச்சை மெதுவாக விடுங்கள், சட்டென்று விட்டால் முதுகுத் தையல் போய்விடும். கோட்டை இப்படிக் கொடுங்கள். பேசிக்கொண்டே பிரித்துவிடுகிறேன்.

நீங்கள் நம்பவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நேற்றே ஆரம்பித்துவிட்டேன். இஸ்திரி அறைக்கு வந்த ஒவ்வொரு உடையையும் பிரித்து, பழைய தையலிலேயே மறுபடி தைத்து, தேய்த்து அனுப்பினேன். விரல் பாதி தேய்ந்துவிட்டது. நேற்று சாயங்காலம் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விட்ட பெருமூச்சில் மேஜை விரிப்புகள் பறந்தன. தட்டுகள் எப்படித் திரும்பின என்று சமையலறையில் கேட்டுப் பாருங்கள். வேண்டாம், இப்போதே கேளுங்கள். போன் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

கேட்டீர்களா? நக்கி வைத்ததுபோல் திரும்பினவா? சொன்னேனே.

இறங்கவேண்டாம் என்று அவரிடமே சொன்னீர்களே, அது நல்ல காரியம். மறுமுனையில் ஏதோ விழுந்து உடைந்த சத்தம் இங்கேவரைக்கும் கேட்டது. சந்தோஷத்தில் விழுந்ததாக இருக்கும். இனிமேல் உங்கள் பயணிகள் விஷயத்தில் நான் தலையிடமாட்டேன். என் வீட்டுக்காரரைக்கூட விட்டுவிட்டேன், ஒரே ஒரு அக்குள் தவிர.

ஒரு மேஜையில் மட்டும் ஒரு அம்மா மூன்று துண்டு கேட்டு வாங்கினார் என்று சமையலறையில் சொன்னார்களா? அது என் நாத்தனார். அவளுடையதைப் பிரிக்கும்போது பழைய தையலோடு நிறுத்தவேண்டும் என்றுதான் நினைத்தேன். உள்ளே இன்னும் துணி மிச்சம் இருந்தது. வீணாக இருப்பானேன் என்று, பழைய அளவையும் தாண்டிக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். நேற்று அதைப் போட்டதும் இடுப்பில் இரண்டு கையையும் நுழைத்துப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பட்டினி கிடந்ததற்கும் ஓடியதற்கும் பலன் கிடைத்துவிட்டதாம். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னைக் கட்டிப்பிடித்தது அதுதான் முதல்முறை. பிறகு மூன்று துண்டு கேக், மேலே கிரீம்.

இன்று காலையில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "இதுக்கெல்லாம் மனக்கட்டுப்பாடு வேணும் அண்ணி. நீங்களும் அந்தக் காலத்துலயே கொஞ்சம் முயற்சி பண்ணியிருந்தா, இப்படி ஆயிருக்க மாட்டீங்க."

"வாஸ்தவம்தான்" என்றேன்.

அவளிடம் மட்டும் எதையும் சொல்லிவிடாதீர்கள். நான் பயந்து சொல்லவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள். இறங்கும் நாள்வரை நன்றாகச் சாப்பிடட்டும், தட்டு தட்டாகச் சாப்பிடட்டும், நான் அதற்கேற்றபடி பார்த்துக்கொள்கிறேன். வீட்டு அலமாரியில் அவள் வைத்துவிட்டு வந்திருக்கும் துணிகளை என்னால் ஒன்றும் செய்யமுடியாது, அவை பழைய அளவிலேயே வேறு ஊரில் இருக்கின்றன. கோட்டைப் போட்டுப் பாருங்கள் தம்பி, கையைத் தூக்குங்கள், சரியாக இருக்கிறதா? இன்று மத்தியானம் அவளுடையதை இன்னும் ஒரு விரற்கடை தளர்த்திவிட்டுத்தான் உங்களைப் பார்க்க வந்தேன். எனக்கு அவள்மேல் கோபமெல்லாம் கிடையாது.