பாதிக்குப் பாதி

“ஹலோ... அப்பாடா, எடுத்தீங்களே ஒருவழியா. எத்தனை தடவை மாப்ள கூப்பிடறது? ... சரி, சரி, சிக்னல் இல்ல, ஒத்துக்கிறேன். இதைச் சொல்லுங்க முதல்ல. பாய்லருக்கு என்ன கலவை ஏத்தி அனுப்பினீங்க?”

கேட்டவர் மின்நிலையத்தின் ஷிப்ட் இன்ஜினியர். அந்தப் பக்கம் இருந்தவர் நிலக்கரிக் களத்துக்குப் பொறுப்பாளர். இவருடைய தங்கையின் கணவர். வீட்டில் கொடுக்கும் மாப்பிள்ளை மரியாதை கண்ட்ரோல் ரூம் வரைக்கும் கூடவே வந்து தொலைத்தது. திட்ட வேண்டிய நேரத்திலும் வாயில் ‘ங்க’தான் வந்தது.

“பாதிக்குப் பாதியா? ... நாலுல ஒரு பங்குதானே கப்பல்ல வர்ற வெளிநாட்டுக் கரின்னு பேச்சு... ஆமா... ஆமா, புகை குறைஞ்சிருக்கு, யார் இல்லேன்னா? சிம்னியைப் பாத்துட்டு பெரிய மேனேஜரே மெச்சிக்கிட்டார். கரிச் செலவும் கம்மிதான்... இருங்க, என்னைக் கொஞ்சம் பேச விடுங்க.”

“சாம்பலை எப்படிச் சோதிச்சீங்க? ... ம்... கப்பல் கரி தனியா, சுரங்கத்துக் கரி தனியா. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துட்டீங்க... அங்கதான் மாப்ள கோட்டை விட்டீங்க. கந்தகத்தை வகுக்கலாம், ஈரத்தை வகுக்கலாம். சாம்பல் உருகுற சூட்டை வகுக்க முடியாது. தனித்தனியா ரெண்டும் சாது. ஒண்ணா எரிஞ்சா சீக்கிரமே இளகி, பாகு மாதிரி சுவத்துல அப்பிக்குது. கலந்ததை எரிச்சுப் பாத்தீங்களா? ... இல்ல. அதான் கேட்டேன்.”

பாய்லருக்குள் பார்க்கும் கேமராவில், தீக்கு மேலே சுவரில் கறுப்பாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் தலையணை அளவுதான் இருந்தது. அவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

“உருகின சாம்பல் இறுகி கிளிங்கர் கட்டியிருக்கு மாப்ள. இப்ப ஒரு கார் அளவுக்கு இருக்கு... விளையாடலை. அது விழுந்தா நேரா அடியில இருக்கிற தண்ணித் தொட்டியிலதான் விழும். அவ்வளவு சூட்டோட பாறை தண்ணில இறங்கினா என்ன ஆகும்? தொட்டிக் கதவு வழியா ஆவி வெடிச்சுக்கிட்டு வரும். எதிர்ல நிக்கிற ஆளை அடையாளம்கூட... ம்... ஆமா.”

“அதனாலதான் லோடைக் குறைச்சுட்டேன்... இப்பத்தான், பாதியா. தீ அடங்கிச் சூடு இறங்கினா, அதுவே விரிசல் விட்டு விழுந்துரும். எப்ப வேணா விழலாம். கீழ சாம்பல் அள்ளுற ஆளுங்களை வெளிய அனுப்பி, கேட்டையும் பூட்டியாச்சு. அந்தக் கவலை இல்ல. நீங்க கரி ஏத்துற பெல்ட்டை நிறுத்திட்டு, வெறும் சுரங்கத்துக் கரியை மட்டும்...”

அவர் நிறுத்தினார். மாப்பிள்ளையின் குரலுக்குப் பின்னால் தண்ணீர் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. கரிக் களத்தில் அப்படித் தண்ணீர் கொட்டும் இடம் கிடையாது.

“மாப்ள... நீங்க எங்க இருக்கீங்க? ... பாய்லருக்குக் கீழயா? கேட்டுதான் பூட்டியிருக்கே... ஓ. பெல்ட் பக்கத்துப் படி. அது யாருக்கும் ஞாபகம் வரலை... என்னது, கம்பியால இடிச்சு விடவா? மேனேஜருக்குத் தெரியறதுக்குள்ளயா? ... கதவைத் திறந்துட்டீங்களா?”

கேமராவில், கறுப்புக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது.

“நான் சொல்றதை மட்டும் கேளுங்க. கம்பியை அப்படியே போடுங்க. கதவைத் தொடாதீங்க, திறந்தே கிடக்கட்டும். திரும்பி நடங்க... மானம் மரியாதை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன்... தங்கச்சிகிட்டயும் சொல்ல மாட்டேன்... நடக்காதீங்க, ஓடுங்க. படி தெரியுதா? ... பேசாதீங்க மாப்ள, ஓடுங்க.”

கறுப்பு காணாமல் போயிற்று. அது இருந்த இடத்தில் சுவர் வெறுமையாகத் தகதகத்தது. கண்ட்ரோல் ரூம் தரை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. மேசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து அவரைப் பார்த்தார்கள்.

“ஹலோ... மாப்ள... ம், சொல்லுங்க... இருக்கேன், கேட்டுட்டுதான் இருக்கேன்... மெதுவாவே சொல்லுங்க...”

தரை அதிர்ந்தபோதே இணைப்பு அறுந்திருந்தது.