ஆல்வின் வீட்டு வாசலில் ஒரு குழி

ஆல்வின்: ...அதெல்லாம் இருக்கட்டும்க்கா. என் வாசல்ல தோண்டிப் போட்டிருக்கிற குழியை எப்ப மூடுவீங்க, அதைச் சொல்லுங்க.

குடுலா: மூடுவாங்க, மூடுவாங்க. தண்ணிக் குழாய் எங்கயோ கசியுதாம். பாக்கணும்ல.

ஆல்வின்: குழாய் தெருவுக்கு அந்தப் பக்கம் போகுது.

குடுலா: அது புதுக் குழாய். இது... பழசு.

ஆல்வின்: ஊர்த் தீயணைப்புப் படைக்கு நான் தலைவன். நம்ம எல்சன்ரோட் ஊர்ல எந்தக் குழாய் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா?

குடுலா: நான் இன்னும் இந்த ஊருக்கு மேயர். உனக்குத் தெரியாத குழாய் எனக்குத் தெரியும். உக்காருடா. காபி ஆறுது.

மரிட்டா: காலைல இருந்தே இப்படித்தாங்க்கா இவரு. ஜன்னல் கிட்ட போறாரு, குழியைப் பாக்கறாரு, திரும்பி வர்றாரு. மாடுங்க கூட இவரை விட நிதானமா இருக்கு.

ஆல்வின்: டிராக்டரை வெளிய எடுக்க முடியல. பாக்காம என்ன பண்றது?

மரிட்டா: ஞாயித்துக்கிழமை சாயந்திரம் டிராக்டர் எங்க போகணும்?

ஆல்வின்: நீ சும்மா இரு. அக்கா, நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? தீயணைப்பு ஷெட்ல ஓட்டு எண்ணிக்கிட்டு இருப்பாங்களே. அங்கல்ல இருக்கணும்?

குடுலா: எண்ணுறதுக்கு ஆள் இருக்கு. எனக்குக் கால் வலி. உங்க வீடுதான் பக்கம்.

ஆல்வின்: உங்க வீடு ஷெட்டுக்கு எதிர்லயே இருக்கு.

குடுலா: ...மரிட்டா போடற காபி அங்க கிடைக்காது. நீ ஓட்டுப் போட்டியா?

ஆல்வின்: போட்டேன். ஓட்டுச் சீட்டாங்க்கா அது? ஒரு பேர் கூட அச்சடிக்கல. வெறும் கோடு. இஷ்டப்பட்ட பேரை எழுதிக்கோன்னு விட்டிருக்காங்க. கேவலமா இருந்துச்சு.

குடுலா: யாரும் தேர்தல்ல நிக்கலைன்னா அப்படித்தான். கோடுதான். அதிகமா யார் பேரை எழுதியிருக்காங்களோ அவர்தான் மேயர்... ஒத்துக்கிட்டா.

ஆல்வின்: எவன் நிப்பான் இந்த ஊர்ல? ஊட்ஸ் ஒரு தடவை நின்னான். கம்பத்துக்குக் கம்பம் போஸ்டர்ல அவன் பல்லுதான். என்ன ஆச்சு?

மரிட்டா: அவன் அம்மாவே அவனுக்குப் போடலைன்னு பேச்சு.

ஆல்வின்: அதான். 'எனக்குக் குடுங்க'ன்னு வாயைத் திறந்து கேட்டவன் இங்க முடிஞ்சான். வேண்டாம் வேண்டாம்னு ஓடறவனைத் தேடிப் பிடிச்சுத் தலையில கட்டறதுதான் நம்ம பழக்கம்.

குடுலா: என் தலையில கட்டின மாதிரி.

ஆல்வின்: நீங்க நிஜமாவே ஓடினீங்க.

குடுலா: கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு இருந்தேன். பேண்டு வாத்தியத்தோட மொத்த ஊரும் வருது. பட்டை உரிச்ச மரத்தை என் வாசல்ல நட்டு, உச்சியில ரிப்பனைக் கட்டிட்டு, எல்லாரும் என் முகத்தையே பாக்கறாங்க. புது மேயர் வீட்லதான் சாப்பாடுன்னு வழக்கம். எங்க வீட்ல அன்னிக்கு ரொட்டி கூட இல்ல. மானம் போச்சு.

மரிட்டா: மாமாதான் பக்கத்து ஊருக்கு ஓடி சாசேஜ் வாங்கிட்டு வந்தாருன்னு சொல்வாங்க.

குடுலா: பாதியை வழியிலயே தின்னுட்டார் அந்த மனுஷன். அது போகட்டும்... அடுப்படியில அவ்வளவு பெரிய பாத்திரத்துல என்ன மரிட்டா?

மரிட்டா: உருளைக்கிழங்கு சாலட்க்கா. கிழங்கு முளை விட ஆரம்பிச்சுது. வீணாக வேண்டாமேன்னு...

குடுலா: ஒரு வண்டிக் கிழங்கு முளைச்சுதா?

மரிட்டா: இவரு நல்லா சாப்பிடுவாரு.

ஆல்வின்: பேச்சை மாத்தாதீங்க. யாருக்கு விழும்னு நினைக்கறீங்க?

குடுலா: நீதான் சொல்லேன்.

ஆல்வின்: எனக்கு விழாது. அது நிச்சயம். ஒரு மாசமா அதுக்கு வேலை பாத்திருக்கேன்.

குடுலா: கேள்விப்பட்டேன்.

ஆல்வின்: லாம்ப்ரெக்ட் அம்மா கிட்ட, 'உங்க கிழங்கு உருண்டையை எறிஞ்சா ஜன்னல் உடையும்'னு முகத்துக்கு நேரா சொன்னேன். பாட்டுக் குழுவுல போய், 'நீங்க பாடினா என் மாடு பால் சுரக்க மாட்டேங்குது'ன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல சாணி டேங்கரை சர்ச் வாசல்ல நிறுத்தினேன். இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்வான்?

மரிட்டா: என்னால கடைத்தெருப் பக்கம் தலை காட்ட முடியல.

ஆல்வின்: நம்ம ஊர்ல கடைத்தெரு ஏதுடி?

மரிட்டா: பேக்கரி வேன் வந்து நிக்குமே, அதைத்தான் சொல்றேன்.

குடுலா: ஆல்வின்... சாணி டேங்கர் நின்னப்ப உள்ள என்ன நடந்துச்சு தெரியுமா? நாத்தம் தாங்காம பாதிரியார் பிரசங்கத்தை அரைகுறையா முடிச்சுட்டார். எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சூடா சாப்பிட்டாங்க. 'இத்தனை வருஷத்துல ஒருத்தனுக்காவது இந்த யோசனை வந்துச்சே'ன்னு கிலியான் உன்னைப் பாராட்டிக்கிட்டு இருக்கான்.

ஆல்வின்: ...லாம்ப்ரெக்ட் அம்மா?

குடுலா: அவங்க வீட்டுக்காரர் மதுக்கடையில உன் பேரைச் சொல்லி பீர் குடிச்சார். அந்த உருண்டையைப் பத்தி அவர் கல்யாணம் ஆன நாளா வாயைத் திறக்கல பாவம். அந்தம்மாவும் இப்ப மாவைக் கொஞ்சம் தளர்த்தியாப் பிசையறாங்க.

ஆல்வின்: பாட்டுக் குழு?

குடுலா: வாரத்துல ஒரு நாள் கூடுதலா ஒத்திகை பாக்கறாங்க. பக்கத்து டவுன் புர்க்லைட்டன் கவுன்சில் முன்னாடி உன்னை மாதிரி ஒருத்தன் போய் உக்காந்தா நல்லா இருக்கும்னு ஊரே பேசுது. பயமில்லாம பேசறானாம்.

மரிட்டா: நான் அப்பவே சொன்னேன். வேண்டாங்கறவங்க வாயை மூடிட்டு இருப்பாங்க. நீங்க ஊர் ஊரா கத்தினீங்க.

ஆல்வின்: ஊர் ஊரா இல்ல. நம்ம ஊர்ல மட்டும்.

குடுலா: சரி, உன்னைக் கேக்கறேன். உன் பேர் வந்துச்சுன்னா என்ன செய்வே?

ஆல்வின்: வராது.

குடுலா: வந்துச்சுன்னா?

ஆல்வின்: மாட்டேன்னு சொல்லிடுவேன். மாடு இருக்கு, நிலம் இருக்கு, தீயணைப்பு இருக்கு. எனக்கு எங்க நேரம்?

குடுலா: சொல்லலாம். சட்டம் இடம் குடுக்குது. அப்புறம் மறுபடியும் அதே கோடு போட்ட சீட்டு. அதுலயும் யாரும் ஒத்துக்கலைன்னா... புர்க்லைட்டன் மேயர் போன வாரமே எனக்கு போன் பண்ணார். ரொம்பத் தேனா பேசினார். 'உங்களை மாதிரி சின்ன ஊர் தனியா எதுக்குக் கஷ்டப்படணும், எங்களோட சேர்ந்துடுங்க'ன்னார்.

ஆல்வின்: அவருக்கு நம்ம மேல என்ன திடீர்ப் பாசம்?

குடுலா: கரண்ட் எடுக்கற காத்தாடி மேல பாசம். மேட்டுல சுத்துதே, அந்த வருமானம் மேல. 'பாலர் பள்ளியை எங்க பள்ளியோட சேர்த்துடலாம், உங்க தீயணைப்பு வண்டிக்கு எங்க ஷெட்ல இடம் இருக்கு'ன்னும் சொன்னார்.

ஆல்வின்: வண்டியை அங்க கொண்டு போறதா?

குடுலா: அப்படித்தான் சொன்னார்.

ஆல்வின்: லாம்ப்ரெக்ட் களஞ்சியம் எரிஞ்சப்ப அவங்க வண்டி வந்து சேர்றதுக்குள்ள நாங்க நெருப்பை அணைச்சு, மாட்டை எல்லாம் எண்ணி, பீர் குடிச்சு முடிச்சுட்டோம். வண்டியைக் குடுத்துட்டு நாங்க என்ன, வாளியைத் தூக்கிட்டு ஓடணுமா?

குடுலா: என்னை எதுக்குடா முறைக்கறே? நானா கேட்டேன்?

ஆல்வின்: அந்தப் பாலர் பள்ளிக் கூரையை நாங்க சனிக்கிழமை சனிக்கிழமையா ஏறி ஓடு போட்டு முடிச்சோம். ஒருத்தனும் கூலி கேக்கல. அதை மூடுவாராமா அவர்? எனக்கு வயிறு எரியுதுக்கா.

குடுலா: எரியட்டும். எரியறவன்தான் வேணும். எனக்கு அலுத்துப் போச்சு, நிஜமா சொல்றேன். டான்யூப் ஆத்துல படகுல போகணும்னு டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன். படகுல யாரும் 'தெரு விளக்கு எரியல'ன்னு வந்து கதவைத் தட்ட மாட்டாங்க.

மரிட்டா: அது என்ன சத்தம்?

ஆல்வின்: டிரம்பெட் மாதிரி இருக்கு.

குடுலா: கிலியானோட பசுவா இருக்கும்.

மரிட்டா: பசு ரொம்ப சுருதியாக் கத்துதே.

ஆல்வின்: நான் போய்ப் பாத்துட்டு வரேன்.

குடுலா: உக்காரு.

ஆல்வின்: என் வீட்டு ஜன்னல்க்கா அது.

குடுலா: உக்காருன்னா உக்காரு. என்னது... கோட்டு போட்டிருக்கே? சவரம் வேற பண்ணியிருக்கே. மாடு கறக்கப் போறவனுக்கு எதுக்கு இந்த அலங்காரம்?

ஆல்வின்: ஞாயித்துக்கிழமை.

மரிட்டா: போன ஞாயித்துக்கிழமை கிழிஞ்ச ஸ்வெட்டர். நேத்து பூட்ஸ் நிறைய செம்மண்ணோட வந்தாரு. கிழங்குத் தோட்டம்னாரு. நம்ம தோட்டத்துல கறுப்பு மண்ணுதான்.

ஆல்வின்: மரிட்டா, சாலட்ல உப்பு பாரு, போ.

மரிட்டா: பாத்தாச்சு. ஊருக்கே போதும்.

குடுலா: சரி... இனிமே மறைச்சு பிரயோஜனமில்ல. ஊர்க்காரங்க பேண்டோட வந்துட்டாங்க, தெரு முனையில இருக்காங்க. எண்ணி முடிச்சதும் எனக்கு போன் வந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் நான் இங்க வந்தேன். நீ எங்கயும் நழுவிடாம பாத்துக்கறது என் வேலை. ஆல்வின், உன் பேர்தான்டா. கிட்டத்தட்ட எல்லாரும். உன் வாசல்ல இருக்கிறது குழாய்க் குழி இல்ல. உன் பேர்தான் வரும்னு தெரிஞ்சு, கிலியான் காட்டுல போன வாரமே மரம் வெட்டியாச்சு. பட்டை உரிச்சு, ரிப்பன் கட்டி, அதைத்தான் தூக்கிட்டு வர்றாங்க. உன்னைக் கேக்காமத் தோண்டினது தப்புதான். என் மேல கோபப்படு, பரவாயில்ல. ஆனா பதிலை இப்ப சொல்லணும். வேண்டாம்னா நானே வெளிய போய் அவங்களைத் திருப்பி அனுப்பறேன், நாளைக்குக் குழியை மூடிடலாம்.

ஆல்வின்: மரம் எவ்வளவு உயரம்?

குடுலா: என்னடா கேள்வி இது? சர்ச் கூரை உயரம் இருக்கும். அந்தக் காட்டுலயே அதுதான் பெருசு. நீ பதிலைச் சொல்லு.

ஆல்வின்: அது விழுந்த சத்தம் என் தோட்டம் வரைக்கும் கேட்டுச்சுக்கா. அவ்வளவு பெரிய மரம் நீங்க தோண்டின குழியில நிக்குமா? நேத்து நானே இறங்கி இன்னும் ஒரு முழம் ஆழப்படுத்தி வெச்சிருக்கேன்... தூக்கிட்டு வரச் சொல்லுங்க.