வேலைக்கு ஆகாத புத்தகம்

— அந்த பஸ் கதைய மட்டும் மறுபடி ஆரம்பிச்சிடாதீங்க மேடம்.

— எந்த பஸ் கதை?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. நான் டிரைவராம், பயமெல்லாம் பயணிகளாம், பின்னாடி உக்காந்து கத்துமாம், நான் பாட்டுக்கு ஓட்டிட்டே போகணுமாம். வண்டிப் பக்கமே போகாத பொண்ணுகிட்ட பஸ் கதை. யோசிச்சுத்தான் சொன்னீங்களா?

— யோசிக்காமத்தான் சொன்னேன். முதல் வாரமே சொதப்பிட்டேன். ஒத்துக்கறேன்.

— இப்படி டக்குனு ஒத்துக்கிட்டா நான் எப்படிச் சண்டை போடறது...

— பதினோரு வாரமா போட்டது போதாதா? சரி, வீட்டுல ஏதாவது செஞ்சு பாத்தியா?

— ம்ஹூம். பள்ளிக்கூடத்துல கட்டாயம்னாங்க, அதனால கவுன்சிலிங்குக்கு வர்றேன். செஞ்சு பாக்கணும்னு யாரும் சொல்லல.

— நான் சொன்னேனே.

— "எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொல்லாம, "பயமா இருக்குன்னு என் மனசு சொல்லுது"ன்னு சொல்லணும். அதானே? அன்னிக்கு அப்படிச் சொல்லியிருந்தா எங்க வேன் மேல லாரி மோதாம நின்னுருக்குமா?

— நின்னுருக்காது.

— அப்புறம்?

— பயம் போறதுக்காக அதச் சொல்லல. பயம் இருக்கறப்பவே...

— "...நமக்கு எது முக்கியமோ அந்தப் பக்கம் ஒரு அடி." தெரியும். அறுபத்திரண்டாம் பக்கம்.

— நான் உனக்குப் பக்க நம்பர் சொன்னதே இல்லயே.

— சும்மா குத்துமதிப்பா சொன்னேன்.

— என் அலமாரியில ஒரு புத்தகம் காணாமப் போய் ஒன்பது வாரம் ஆச்சு.

— உங்களுக்குத் தெரியுமா?

— பை அப்படிப் புடைச்சுக்கிட்டுப் போனா தெரியாதா. நான் வேற ஒண்ணு வாங்கிட்டேன்.

— அப்ப ஏன் கேக்கல?

— கேட்டா திருப்பிக் குடுத்துடுவ.

— ரொம்பத்தான் விவரம். நான் படிச்சது உங்கள மடக்கறதுக்கு. அடுத்து என்ன சொல்வீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது.

— அதான் எதச் சொன்னாலும் கொட்டாவி விட்டியா?

— சிலது நிஜக் கொட்டாவி.

— சரி, ஒளிக்காமப் பேசுவோம். திங்கக்கிழமை பரீட்சை. மையம் பதினெட்டு கிலோமீட்டர். ஏழு மாசமா நீ எந்த வண்டியிலயும் ஏறல. இங்க வர்றதுக்கே மூணு கிலோமீட்டர் நடக்கற. பதினெட்டு நடப்பியா?

— விடியறதுக்கு முன்னாடி கிளம்பினா...

— நாலு மணி நேரம் நடந்து, மூணு மணி நேரம் எழுதி, திரும்பவும் நடந்து. அதுவும் ஆறு பேப்பர்.

— ஒரு வருஷம் போனாப் போகுதுன்னார் அப்பா.

— நீ என்ன சொல்ற?

— ... போகக் கூடாது. அந்தக் கணக்குப் பேப்பர நான் எழுதணும் மேடம். பிரமாதமா எழுதுவேன். எனக்கே தெரியும்.

— இத நீ இவ்வளவு நாள் சொன்னதே இல்ல.

— நீங்க கேட்டுட்டே இருந்தீங்க. அதனாலயே சொல்லல.

— நானும் ஒண்ணு சொல்லல. "இந்தப் பொண்ணுக்கு நீ சரிப்பட மாட்ட"ன்னு எட்டாவது வாரத்துல என் மனசு சொல்லிச்சு. உன்ன வேற ஒருத்தர்கிட்ட அனுப்ப கடிதம்கூட அடிச்சுட்டேன். இந்த ஃபைல்லதான் இருக்கு.

— ஏன் அனுப்பல?

— மனசு அது பாட்டுக்குச் சொல்லிட்டே இருக்கு. நான் பாட்டுக்கு வியாழக்கிழமை ஆனா உனக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

— ... அப்ப நீங்களும் இதெல்லாம் செய்வீங்களா?

— வேற வழி? இரு... வெளிய மழை கொட்டித் தீக்குது. உன் ஷூ ஏன் காஞ்சிருக்கு?

— குடை.

— குடை பிடிச்சா தலை நனையாது. மூணு கிலோமீட்டர் நடந்த ஷூவுமா?

— நீங்க போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்.

— பேச்ச மாத்தாத.

— சொல்றேன், சிரிக்கக் கூடாது. இந்தப் புத்தகம் வேலைக்கு ஆகாதுன்னு நிரூபிக்கணும்னு நெனச்சேன். என் மேல செஞ்சு பாத்தா, "நீ ஒழுங்கா செய்யல"ம்பீங்க. அதனால அப்பா மேல செஞ்சேன்.

— அப்பா மேலயா?

— அன்னிக்கு வேன் ஓட்டினது அவர்தானே. எனக்குக் கை உடைஞ்சுது, அவருக்கு ஒரு கீறல்கூட இல்ல. அதையே சொல்லிச் சொல்லி மாஞ்சு போறார். இருபது வருஷமா சரக்கு ஏத்தின வண்டிய தார்ப்பாய் போட்டு மூடிட்டு, ஒரு கடையில பெட்டி அடுக்கிட்டிருக்கார். பிடிவாதத்துல எனக்கே அப்பன். அவர்கிட்ட தோத்துட்டா, புத்தகத்தக் கொண்டு வந்து உங்க மேசையில போட்டுட்டு நடையக் கட்டலாம்னு...

— என்ன செஞ்ச?

— புத்தகத்துல இருக்கற மாதிரி, ஒரு நிமிஷம் விடாம "லாரி"ன்னு சொல்லச் சொன்னேன். லாரி, லாரி, லாரி... முதல்ல அழுதார். சொல்லச் சொல்ல அது ஏதோ வாத்து கத்தற மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல. அம்மா பயந்து ஓடி வந்துட்டாங்க. ஏழு மாசத்துல எங்க வீட்டுல அதான் மேடம் முதல் சிரிப்பு.

— ... அப்புறம்?

— மறுநாள் தார்ப்பாய எடுத்தார். ஒரு வாரம் சும்மா ஸ்டீரிங்கப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தார். கை நடுங்குதும்மான்னார். நடுங்கட்டும், நடுங்கற கையோடயே பிடிங்கன்னேன். உங்க குரல்லயே சொன்னேன், கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கிட்டு.

— நான் அப்படியா பண்றேன்?

— எப்பவும். போன ஞாயித்துக்கிழமை தெருமுனை வரைக்கும் ஓட்டினார். இன்னிக்கு இங்க வரைக்கும்.

— அப்பாவா... அந்த வேனா?

— ஜன்னல் வழியாப் பாருங்க. நீலக் கலர்.

— பாத்துட்டேன். கொஞ்சம் இரு... கண்ணத் தொடைச்சுக்கறேன். அப்ப நீ? அவர் ஓட்டினார் சரி, நீ குடையப் பிடிச்சுட்டு பின்னாடியே ஓடி வந்தியா?

— முன் சீட்டு மேடம். அன்னிக்கு உக்காந்திருந்த அதே சீட்டு. உடம்பெல்லாம் வேர்த்துச்சு, ஆனா கண்ண மூடல. இப்ப ரெண்டு பேரும் பரீட்சை மையம் வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வரப் போறோம்... எஞ்சின அணைக்காம காத்துட்டிருக்கார், நான் கிளம்பட்டுமா?