முன்னால ஒட்டற பாசை

...பாசையாங்க அது? பாசைன்னா ஒரு ஞாயம் வேண்டாமுங்களா? நீங்களே சொல்லுங்க அம்மணி. உக்காருங்க, உக்காருங்க. இந்த பூத்துல மதுரைக்கு லைன் கெடைக்கறதுக்குள்ள பஸ்ஸேறி மதுரைக்கே போயிட்டு வந்தர்லாம். எனக்கு பாண்டுங்கு. ஆமாங்க, இந்தோனேசியா. மெர்சி, இன்னொருக்கா போட்டுப் பாரு கண்ணு... எங்கேஜா? இருக்கட்டும், இருக்கட்டும். அங்கதான் பேசறதுக்கு ஆளு இருக்குதல்ல, பேசட்டும்.

என்ன சொல்லீட்டிருந்தேன்... ஆ, பாசை. "பெசார்"னா பெருசுங்க. சரி, இருந்துட்டுப் போகட்டும். அதைப் பெருசாக்கோணும்னா நாம என்ன பண்றோம்? பெருசாக்கு, சின்னதாக்குன்னு பின்னால ஒட்டறோம். மாட்டுக்கு வாலு பின்னாலதானுங்க இருக்குது? அவியளுக்கு முன்னால! "பெர்"னு ஒண்ணைக் கொண்டாந்து தலமாட்டுல வெக்கோணுமாம். பெர்பெசார்! "கெச்சில்"னா சின்னது, சின்னதாக்குன்னா பெர்கெச்சில். "செப்பாத்"துன்னா வேகம், வேகமாக்குன்னா பெர்செப்பாத்து. "அவ்வளவுதாம்மா, ரொம்ப ஈசி"ங்கறாரு எனக்குச் சொல்லிக்குடுத்த ஜபருல்லா பாய். அவருக்கென்னுங்க, அந்த நாட்டுல மெடான்ங்கற ஊர்ல இருவது வருசம் கடை வெச்சிருந்தவரு. தூக்கத்துல பொலம்பறதே அந்தப் பாசையிலதானாம்.

நான் எதுக்குப் படிச்சேன்னா கேக்கறீங்க? கேளுங்க, கேளுங்க. என்ற புள்ள வர்ஷினி அங்கதான் இருக்கறா. மாப்பிளைக்கு பாண்டுங்குல ஸ்பின்னிங் மில்லுல சோலி. தலப்பிரசவம். தலப்பிரசவம் பொறந்த ஊட்டுல பாக்கறதுதானுங்களே மொறை? அவ பிளேன்ல வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. சரி, புள்ள வராட்டி என்ன, பெத்தவ போறேன்னேன். மாப்பிளை ஒரு டிக்கெட்டுதான் எடுக்க முடியும்னாரு. ஒண்ணு போதுமுங்க, எனக்கென்ன ரெண்டு ஒடம்பா? ஆனா அங்க வேலைக்கு ஒருத்தி இருக்கறா, சுமியாத்தியாம். பேரு மட்டும் நம்மூரு ஆத்தாளாட்ட, தமிழ்ல ஒரு வார்த்தை வராது. மாப்பிளை விடிஞ்சா மில்லுக்குப் போயிருவாரு. கொளந்தையக் குளிக்க வெய்யி, தூங்க வெய்யின்னு அவகிட்ட ஆரு சொல்றது? அதுக்குத்தான் பாயை ஊட்டுக்கே வரச்சொல்லிப் படிச்சேன்.

"மண்டி"ன்னா குளி. குளிக்க வெய்யின்னா "மெமண்டிகான்". முன்னால ஒண்ணு, பின்னாலயும் ஒண்ணு! சீர்வரிசைங்களா அது, ரெண்டு பக்கமும் வெச்சுத் தூக்கறதுக்கு? "டிடூர்"னா தூங்கு. தூங்க வெய்யின்னா முன்னால "மெ" வருது. வந்துச்சா... அந்த "டி" எந்திரிச்சுப் போயிருதுங்க! "மெனிடூர்கான்" ஆயிப்போச்சு. இதென்ன பாய் அக்கிரமம்னேன். புதுசா ஒருத்தி முன்னால வந்து உக்காந்தா, மொதல்லருந்து இருக்கறவ எந்திரிச்சு எடம் உடோணுமா? "அது அப்படித்தாம்மா"ங்கறாரு. எனக்கு அன்னைக்கே புரிஞ்சிருக்கோணும்.

மெர்சி, என்ன கண்ணு ஆச்சு? இன்னும் எங்கேஜா? சரி.

நான் நல்லாத்தானுங்க படிச்சிருப்பேன், அந்தச் சம்பந்தியம்மா மட்டும் இல்லீன்னா. சென்னியம்மான்னு, மாப்பிளையப் பெத்தவங்க. அடுத்த வீதி. பாய் வர்ற அன்னைக்கெல்லாம் டாண்ணு வந்து உக்காந்துக்குவாங்க. வாயே தொறக்கமாட்டாங்க, தலையை மட்டும் ஆட்டிட்டு. ஒறம்பரை வந்துட்டா சும்மா உடமுடியுங்களா? அதும் பொண்ணு குடுத்த எடத்துல இருந்து வந்தவிய? பச்சத்தண்ணியக் குடுத்து அனுப்பிச்சா பல்லடமே பேசும். ஒரு நாளைக்கு ஒப்புட்டு, ஒரு நாளைக்கு கச்சாயம், ஒரு நாளைக்கு சந்தகை புளிஞ்சு தேங்காப்பாலு... வேலைக்காரிய உட்டுச் செய்யலாம்தான். "ஏனுங், சம்பந்தி கைப்பக்குவம் இல்லீங்களா இது"ம்பாங்க. நான் அடுப்படியில எண்ணெச்சட்டி முன்னால நிக்கறேன், கூடத்துல பாய் பெர்பெசார், பெர்கெச்சில்ங்கறாரு. எனக்கு எங்க கேக்குது, கச்சாயம் பொரியற சத்தந்தான் கேக்குது. "நீங்க கேட்டு வெய்யுங்க சம்பந்தி, நான் பொறவு உங்களைக் கேட்டுக்கறேன்"னுபோட்டு உள்ள போயிருவேன். கேட்டு வெச்சாங்க. நல்லாவே வெச்சாங்க.

என்னுங்க? அவங்களை ஆரு வரச்சொன்னதுன்னா?... அது வந்துங்க... மெர்சி, அந்த நம்பரு சரியாத்தானே போடறே?... நாந்தானுங்க வரச்சொன்னேன். அவங்க பாட்டுக்குத் தறிக்கு நூலு பாத்துட்டு ஊட்டுல இருந்தாங்க. நான் ஆறாங்கிளாஸோட நின்னவன்னு கண்ணாலத்தப்பவே அவங்க பக்கம் ஒரு பேச்சு வந்துச்சு. அந்தக் காதுல நான் வெளிநாட்டுப் பாசை பேசறது உளுகோணுமல்லங்க? அதுக்குத்தான்... சரி, உடுங்க.

கடைசியா மாப்பிளை இதே பூத்துக்குத்தான் போன் பண்ணுனாரு. சுமியாத்திகிட்ட நீங்களும் எங்கம்மாவும் பேசிப் பாருங்க, ஆரு பேசறது அவளுக்குப் புரியுதோ அவிய வரட்டும்னாரு. மெர்சியக் கேளுங்க, கூடவே இருந்தா. சிரிக்காத மெர்சி! நான் ரிசீவரை வாங்குனேனுங்களா, படிச்சது ஒண்ணும் வருலீங்க. "பெசார்"னேன். அவ என்னமோ கேட்டா. மறுக்கா "பெசாருங்க"ன்னேன். பெருசு, பெருசுங்கன்னு எத்தனை நேரந்தான் சொல்றது? சம்பந்தியம்மா வாங்குனாங்க. கொட்டுனாங்க பாருங்க! அக்கட்ட அவ சிரிக்கறா, இக்கட்ட இவங்க சிரிக்கறாங்க. கொளந்தையக் குளிக்க வெச்சு, தூங்க வெச்சு, போன்லயே வளத்திப்போட்டாங்க. "அத்தை, நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க, அம்மாவே வரட்டும்"னாரு மாப்பிளை. மரியாதையாத்தான் சொன்னாரு. எங்களவிய எதைச் சொன்னாலும் மரியாதையாத்தானுங்க சொல்லுவாங்க.

பிரசவ மருந்தை நானே இடிச்சு, டப்பாவுல அடைச்சு, அவங்க பொட்டியில வெச்சு, கோயமுத்தூரு உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப்போயி அனுப்பிச்சு உட்டேன். பொறந்து ஒரு வாரமாச்சு. பொண்ணு. இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில இருந்து ஊட்டுக்கு வந்திருப்பாங்க. எனக்கு வயிறு எரியுதுங்க அம்மணி, பொய் சொல்லுல...

ஆ! கெடைச்சிருச்சா? குடு, குடு! அலோ! அலோ! சுமியாத்திங்களா? நான்... இபு! வர்ஷினி இபு! இபுங்க! அம்மான்னா இபுதானுங்க அம்மணி, அதுக்கு முன்னால பின்னால ஒண்ணும் ஒட்டவேண்டியதில்ல... போச்சு, ஆருகிட்டயோ குடுக்கறா... அலோ, சம்பந்திங்களா? நல்லா இருக்கறீங்களா? சாப்புட்டீங்களா? வர்ஷினி?... தூங்கட்டும், தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். பாப்பா?... அவளுமா. ஆருங்க தூங்க வெச்சது?... ஓ, நீங்களா. குளிக்க வெச்சது?... அதும் நீங்களேதானா. சுமியாத்திய தொடவே உடுலீங்களா... அப்பறம் எதுக்குங்க சம்பந்தி அந்தப் பாசை?

இல்லீங்க, இல்லீங்க, ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். சம்பந்தி... ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? ரிசீவரைப் பாப்பாகிட்ட வெச்சு, உள்ளங்காலை லேசாச் சொரண்டி... அவளைச் செத்த அழுக வையுங்க. சத்தத்தையாச்சும் கேட்டுக்கறேன்.

மெர்சி, அந்த ஃபேனை நிறுத்து கண்ணு. அம்மணி, நீங்களும் செத்த பேசாம இருங்க.