ஸ்டாண்டுக் காலில் மணல்

கேமரா ஸ்டாண்டு வாங்க வருகிறவர்கள் உயரத்தைக் கேட்பார்கள், எடையைக் கேட்பார்கள். காலை நீட்டி நிறுத்தும் லாக்கைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் அதைக் கழற்றியே பார்த்துவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

முத்தியால்பேட்டையில் என் கடை. பிரான்சிலிருந்து லீவில் வரும் பட்டாளத்துச் சொல்தாக்கள் விற்றுவிட்டுப் போகும் கேமரா சாமான்களைப் பழுது பார்த்து விற்பேன். ராமலிங்கம் பொய் சொல்லி விற்றான் என்று ஒருவரும் சொன்னதில்லை. கல்யாணப் படம் எடுக்கும் சக்கரபாணிக்கும் நான் பொய் சொல்லவில்லை.

அவன் முதலில் கையில் எடுத்தது கொக்கி மாதிரி மடக்கும் லாக். "இதுன்னா படக்குனு மாட்டிடலாம்ண்ணே. மூடியிருக்கா தொறந்திருக்கான்னு பாத்தாலே தெரியுது" என்றான். சரியாகத்தான் சொன்னான். நான் இன்னொரு ஸ்டாண்டை எடுத்து வைத்தேன். அது வளையத்தைத் திருகி இறுக்குவது.

"கொக்கின்னா கல்யாண வூட்ல பொடவை மாட்டும் தம்பி. இது வழவழன்னு இருக்கு பாரு" என்றேன். அதுவும் உண்மைதான். திருகு லாக்கில் ஒரே குறை, இறுகியிருக்கிறதா என்பதைக் கைதான் சொல்ல வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. அதை அவன் கேட்கவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். என் மனைவி அஞ்சலாட்சி எங்கள் கல்யாணப் படம் ஒன்றில்கூடச் சிரித்ததில்லை. அவள் அக்கா மகளின் காதுகுத்துப் படத்தில் மட்டும் பல் தெரியச் சிரிக்கிறாள், நேரே பார்த்து. எடுத்தவன் சக்கரபாணி. அன்று அவனுக்குக் கையாள் வரவில்லை. ஃப்ளாஷ் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் தோளுக்குப் பின்னால் நானே நின்றேன். என் கண்ணெதிரிலேயே நடந்தது, ஐயா. அதற்குப் பிறகு அவன் "அண்ணி நல்லாருக்காங்களா" என்று கேட்டால் சந்தேகமாக இருந்தது. கேட்காவிட்டால் இன்னும் சந்தேகமாக இருந்தது.

கடற்கரையில் படம் எடுத்ததில் லாக்குக்குள் மணல் போய்விட்டது என்று என்னிடம் வாங்கிய அந்தத் திருகு ஸ்டாண்டைக் கொண்டுவந்தான். மறுநாள் கருவடிக்குப்பத்தில் ஒரு கிரகப்பிரவேசம், கைப்பிடிச் சுவர் கட்டாத மொட்டை மாடியிலிருந்து கீழே நிற்கும் கூட்டத்தை எடுக்க வேண்டும் என்றும் அவனே சொன்னான். அவனுடையது மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமரா. முழங்கால் வலிக்காரன். குனிந்தால் உடம்புப் பாரம் முழுவதையும் ஸ்டாண்டின் மேல் போடுவான்.

இரண்டு கால்களைச் சுத்தமாகத் துடைத்தேன். மூன்றாவதில் மணலைத் துடைக்காமல் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். மணல் இருந்தால் வளையம் கரகரவென்று பாதியிலேயே நின்றுவிடும். கைக்கு இறுகியது போலவே இருக்கும், ஆனால் இறுகியிருக்காது. "முன்னால இந்தக் காலை வெய்யி தம்பி" என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவன் விழுந்த செய்தி வந்தபோது கடையில்தான் இருந்தேன். மாலை வாங்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனேன். ஆமாம், நான்தான் கொன்றேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் அஞ்சலாட்சி சொன்னதாக நீங்கள் படித்துக் காட்டினீர்களே, "அவரு அந்த வெளக்கத் தூக்கிக்கிட்டு முழிச்ச முழியப் பாத்துத்தான் சிரிச்சேன். அன்னிக்கு எம்புருசன் அவ்ளோ அழகா இருந்தாரு" என்று, அதை மட்டும் நம்பாதீர்கள். மானத்துக்குப் பயந்து சொல்கிறாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவன் சொல்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு என்ன இருக்கிறது, ஐயா?